உதவி: மிக்ஸிங் ஸ்டுடியோவுக்கு எந்த இன்டர்ஃபேஸ்? டப் டப் சத்தம், அவசரம்

ஃபேடர்விரல்
ஸ்டுடியோவுக்குப் புது ஆடியோ இன்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கர்களையும் இணைக்கிற பெட்டி) வாங்க வேண்டும். பட்ஜெட் இரண்டு லட்சம். இப்போது இருப்பதில் மிக்ஸ் ஓடும்போது நடுநடுவே டப், டப் என்று வெடிக்கிறது, கூடவே ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டைரக்டர் இது படத்திலேயே இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். கடைக்காரர் நாளைக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார். எந்தப் பெட்டி, அப்போலோவா, ஆர்எம்இயா? ஒரு வார்த்தையில் சொன்னால் போதும்.

சாலிகிராமம்சவுண்ட்
ஒரு வார்த்தையில் எப்படிச் சொல்வது சார்? விண்டோஸா, மேக்கா? எந்த மென்பொருள்? ஸ்டெரியோவா, ஆறு ஸ்பீக்கர் 5.1ஆ? வெளியே கம்ப்ரசர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது), ஈக்யூ மாதிரிப் பெட்டி ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா? ரெக்கார்டிங்கும் உண்டா, மிக்ஸிங் மட்டுமா?

நள்ளிரவுமிக்ஸ்
யோசிக்காமல் அப்போலோ எக்ஸ்8 எடுங்கள். பிளகின் (மிக்ஸ் மென்பொருளில் சேர்க்கிற எஃபெக்ட்) எல்லாம் பெட்டிக்குள் இருக்கிற சிப்பிலேயே ஓடும், கம்ப்யூட்டருக்குச் சுமையே இல்லை. டப் டப் எல்லாம் மறந்துபோகும்.

சிக்னல்சாமி
இந்தக் கேள்வி இங்கே மாதம் தவறாமல் வருகிறது, தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் கை வருவதில்லை. 2010இல் ப்ரோ டூல்ஸ் 9 வரும்வரை அந்த ஒலி மென்பொருள் வேண்டுமென்றால் அவர்கள் சொல்கிற பெட்டியைத்தான் வாங்கியாக வேண்டும், குழப்பமே கிடையாது. இப்போது எதையும் எதிலும் மாட்டலாம் என்றானதும் ஒலியைக் கொஞ்சம் முன்கூட்டியே சேர்த்து வைக்கிற பஃபர் என்றால் என்னவென்று தெரியாமலே இரண்டு லட்சத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள்.

நள்ளிரவுமிக்ஸுக்கு: அந்தச் சிப்பில் ஓடுவது அப்போலோ கம்பெனியின் யுஏடி பிளகின்கள் மட்டும்தான். அவர் செஷனில் இருக்கிற மற்றதெல்லாம் கம்ப்யூட்டரின் தலையில்தான். பாடகர் ஹெட்போனில் ரிவெர்பும் கம்ப்ரசரும் தாமதமில்லாமல் கேட்க வேண்டுமென்றால் அப்போலோ அருமை. மிக்ஸ் மட்டும் செய்கிறவருக்கு அதில் பாதிப் பணம் வீண்.

எர்த்வயர்
எனக்கு இது எர்த்திங் மாதிரிதான் தெரிகிறது. மவுஸை நகர்த்தினால் இரைச்சல் மாறுகிறதா? மாறினால் இன்டர்ஃபேஸை மாற்றிப் பிரயோஜனமில்லை. லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

ஃபேடர்விரல்
விண்டோஸ் லேப்டாப், மென்பொருள் ரீப்பர். 5.1, குறும்படங்கள்தான் அதிகம். வெளியே ஒரு ஸ்டெரியோ கம்ப்ரசர் இருக்கிறது. ரெக்கார்டிங் கிடையாது. ஆமாம், மவுஸை நகர்த்தினால் இரைச்சல் மாறுகிறது! எந்த மாடல் என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே?

கடிகாரம்96
டப் டப் என்றாலே கிளாக்தான், ஒலி மாதிரிகளுக்கு நேரம் பிடிக்கிற கடிகாரம். வெளியே ஒரு நல்ல மாஸ்டர் கிளாக் போட்டு, செஷனின் சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரி என்பது) 96 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். சத்தத்தில் ஆழமே வேறு மாதிரி இருக்கும்.

சாலிகிராமம்சவுண்ட்
ஒரே ஒரு பெட்டி இருக்கும்போது அதன் உள் கிளாக்கே போதும். வெளியிலிருந்து கொடுத்தால் பெரும்பாலும் ஜிட்டர், அதாவது நேரத் தடுமாற்றம், கூடத்தான் செய்யும். ஏடாட் (பெட்டிகளுக்கிடையே பல சேனல் ஒலியைக் கொண்டுபோகும் இணைப்பு) வழியாக இரண்டாவது பெட்டி இருந்து, இரண்டுமே தன்னைத்தானே மாஸ்டர் என்று நினைத்துக்கொண்டு ஓடினால் டப் டப் வரும், அது உண்மை. அப்படி ஏதாவது இருக்கிறதா?

ஃபேடர்விரல் சார், உங்களுக்கு இரண்டு தனித்தனி நோய், சேர்த்துப் பார்க்காதீர்கள். வெடிப்புக்கு முதலில் இதைச் செய்யுங்கள்: மிக்ஸை ஆஃப்லைனில் ரெண்டர் செய்து (ஓட்டிக் கேட்காமல் நேராகக் கோப்பாக்கி), அந்தக் கோப்பில் அதே இடத்தைக் கேளுங்கள். கோப்பிலும் டப் இருந்தால் கிராஸ்ஃபேட் இல்லாமல் (ஒன்று மங்க மற்றது எழாமல்) ஒட்டிய எடிட்டோ ஏதோ ஒரு பிளகினோ காரணம். கோப்பு சுத்தமாக இருந்தால் ஓடும்போது டேட்டா நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். அப்போது பஃபரை 1024 சாம்பிளுக்கு ஏற்றுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 21 மில்லி செகண்ட். பாடுகிறவருக்கு அது தொல்லை, மிக்ஸ் செய்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. பலர் ரெக்கார்டிங்குக்கு வைத்த 128லேயே நூறு டிராக் மிக்ஸையும் ஓட்டுகிறார்கள். அப்புறம் வைஃபையை அணைத்துவிட்டு லேட்டன்சிமான் என்ற சோதனை மென்பொருளை ஓட்டுங்கள், எந்த டிரைவர் வழியை மறிக்கிறது என்று அது பெயரோடு காட்டும்.

சிக்னல்சாமி
96 என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் ஒன்றையும் கணக்குப் போடுவதில்லை. ஒரு ஏடாட் கேபிளில் 48இல் எட்டு சேனல் போகும், 96இல் நான்குதான். பிளகின் சுமையும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஏற்கெனவே மூச்சுத் திணறுகிற லேப்டாப்புக்கு இது வைத்தியமா? படத்துக்குக் கடைசியில் 48இல்தானே கொடுக்கப் போகிறார்?

கடிகாரம்96
சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைத்துச் செறிவூட்டும்) பிளகின் போடும்போது ஏலியாசிங் (போலி அதிர்வெண் கலப்பு) குறையும் சார், அதையும் கணக்கில் சேருங்கள். காது இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

சிக்னல்சாமி
அதற்கு அந்த பிளகினுக்குள் மட்டும் சாம்பிள் ரேட்டை ஏற்றுகிற ஓவர்சாம்பிளிங் பொத்தான் இருக்கிறது, முழு செஷனையும் ஏற்ற வேண்டியதில்லை. காது விஷயத்தில், எது எது என்று பார்க்காமல் இரண்டையும் போட்டுக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

நள்ளிரவுமிக்ஸ்
எப்படியும் வாங்கப்போகிறீர்கள், தலைக்கு மேலும் ஸ்பீக்கர் வைக்கிற அட்மாஸையும் யோசித்துக்கொள்ளுங்கள். 7.1.4க்குப் பன்னிரண்டு அவுட்புட் வேண்டும்.

சாலிகிராமம்சவுண்ட்
அவர் கேட்டது 5.1. பன்னிரண்டு ஸ்பீக்கர் வாங்குகிற நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, பெட்டி விஷயம். மிக்ஸிங்குக்கு மைக் ப்ரீஆம்ப் (மைக் சிக்னலைப் பெருக்குவது) எத்தனை என்பதைப் பார்க்கவே வேண்டாம். விளம்பரத்தில் அதுதான் பெரிதாக இருக்கும், உங்களுக்கு ஒன்றுகூடத் தேவையில்லை. லைன் அவுட்டை (ஒலி வெளியே போகும் துளைகளை) எண்ணுங்கள். 5.1க்கு ஆறு, கம்ப்ரசருக்குப் போக இரண்டு, ஆக எட்டு. திரும்பி வர இரண்டு லைன் இன். ஆர்எம்இ யுசிஎக்ஸ் 2இல் லைன் அவுட் ஆறுதான், ஹெட்போன் தனி. அதில் 5.1ஓடு முடிந்தது, கம்ப்ரசருக்கு ஏடாட்டில் ஓர் எட்டு சேனல் கன்வர்ட்டர் (டிஜிட்டலுக்கும் அனலாக்குக்கும் இடையே மாற்றுவது) சேர்க்க வேண்டும் (48இல் இருந்தால் எட்டும் கிடைக்கும், சண்டை வேண்டாம்). ஆனாலும் விண்டோஸில் டிரைவருக்காகவும், ஆறு ஸ்பீக்கர் ஒலியளவையும் அதன் டோட்டல்மிக்ஸ் மென்பொருளில் சேர்த்து ஏற்றி இறக்கலாம் என்பதற்காகவும் நான் அதைத்தான் சொல்வேன். அப்போலோவின் ரேக் மாடல்களுக்குத் தண்டர்போல்ட் என்ற வேகமான இணைப்பு வேண்டும். யுஎஸ்பி-சி துளை இருக்கிறது என்று நம்பி வாங்காதீர்கள், வடிவம் ஒன்றுதான், பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

கன்வர்ட்டர் தரத்தைப் பற்றி ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நல்ல பெட்டிகளின் டைனமிக் ரேஞ்ச் (மிகச் சன்னமானதற்கும் மிக உரத்ததற்கும் உள்ள இடைவெளி) 115, 120 டெசிபலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் அறையில் ஏசி ஓடுகிற சத்தம் அதையெல்லாம் முழுங்கிவிடும்.

சும்மாவந்தவன்
இரைச்சலுக்கு எளிய வழி, சார்ஜர் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிடுங்கள். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான்.

எர்த்வயர்
தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்! கசிவு வந்தால் ரேக்கைத் தொடுகிறவருக்கு ஷாக். இரைச்சலுக்காக உயிரோடு விளையாடக் கூடாது. ஸ்பீக்கருக்குப் போவது மோனோ ஜாக் கேபிளா, பேலன்ஸ்டா (வழியில் சேரும் இரைச்சலைக் கழித்துவிடுகிற மூன்று கம்பிக் கேபிள்)? ஃபேடர்விரல், அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

சாலிகிராமம்சவுண்ட்
இன்டர்ஃபேஸ் நேராக லேப்டாப்பில்தானே மாட்டியிருக்கிறது? ஹப் எதுவும் இல்லையே?

ஃபேடர்விரல்
ஹப்பில்தான் இருந்தது. ஐலாக் லைசென்ஸ் சாவி, சாம்பிள் ஹார்ட் டிஸ்க் எல்லாமே அதில்தான். இன்டர்ஃபேஸை நேராக மாட்டி பஃபரை 1024 வைத்தேன், டப் நின்றுவிட்டது. சார்ஜரைக் கழற்றினால் இரைச்சலும் இல்லை. கேபிள் மோனோ ஜாக்தான். கடைக்காரரிடம் ஒரு வாரம் கேட்டிருக்கிறேன். மிக்ஸ் இருக்கிறது, வருகிறேன்.

எர்த்வயர்
பேலன்ஸ்ட் கேபிள் ஆறு வாங்குங்கள்: ஒரு முனையில் டிஆர்எஸ் (மூன்று தொடர்பு ஜாக்), மறுமுனையில் ஆண் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் பிளக்). சென்னை ரிச்சி தெருவில் நீளம் சொன்னால் செய்து தருவார்கள். உங்கள் இன்டர்ஃபேஸின் அவுட் பேலன்ஸ்டா என்று மேனுவலில் பார்த்துவிட்டுப் போங்கள். லேப்டாப்பும் ஸ்பீக்கர்களும் ஒரே பவர் போர்டில் இருக்கட்டும். அதற்குப் பிறகும் இரைச்சல் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள்.

கடிகாரம்96
சிக்னல்சாமி சார், கேட்டுப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரிகிறது.

சிக்னல்சாமி
இரண்டு கோப்பையும் பெயர் மாற்றி இங்கே ஏற்றுங்கள். எது 96 என்று சொல்லாமல்.