சொந்தமாக எழுதிய மலைநடை வழிகாட்டி: எத்தனை பிரதி, எந்த பைண்டிங், வரைபடத்துக்கு என்ன வழி?

பாதசாரி:
ஏ5 அளவில் 152 பக்கம், 24 பாதைகள், பாதைக்கு ஒரு பக்க வரைபடம். சொந்தப் பதிப்பாகவே கொண்டுவர எண்ணம். 1000 பிரதி போட்டால் பிரதிக்கான செலவு பாதியாகும் என்கிறது அச்சகம். போடலாமா? வரைபடம் மட்டும் கலரில் வேண்டும், முழுப் புத்தகமும் கலர் என்றால் கட்டாது. பெர்ஃபெக்ட் பைண்டிங் (முதுகில் பசை மட்டும் போட்டு ஒட்டுவது) தாங்குமா? கூகுள் மேப் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொள்ளலாமா?

ஃபாரம்16:
பெரிய தாள் ஒன்றை மடித்தால் 16 பக்கம், அதுதான் ஒரு ஃபாரம். முதலில் 152ஐ 16ஆல் வகுங்கள். ஒன்பதரை ஃபாரம் வருகிறது. அந்த அரை ஃபாரத்துக்கும் தனியாக மெஷின் ஏற்ற வேண்டும். 144க்குக் குறையுங்கள், இல்லையேல் 160 ஆக்குங்கள்.

கலருக்கு ஒரு வழி உண்டு. 16 பக்க ஃபாரத்தில் தாளின் ஒரு முகத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 விழும். மறுமுகத்தில் 2, 3, 6, 7, 10, 11, 14, 15. வரைபடங்களை எல்லாம் ஒரே முகத்தில் விழும்படி அமைத்தால் அந்த முகத்துக்கு மட்டும் நாலு கலர், மறுமுகத்துக்குக் கறுப்பு ஒன்றே போதும். டிசைனைத் தொடங்கும் முன் ஒரு வெள்ளைத் தாளை மூன்று முறை மடித்து, பக்க எண் எழுதி, விரித்துப் பாருங்கள். அதை அச்சகத்திலும் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். சிலர் வேறு மாதிரி மடிப்பார்கள்.

பைண்டிங்: இது நடக்கும்போது கையில் விரித்துப் பிடிக்கிற புத்தகம். சாதாரண சூட்டுப் பசை வெயிலில் இளகும், குளிரில் விறைத்து வெடிக்கும்; பிறகு தாள் தாளாகக் கழன்றுவரும். செக்‌ஷன் (மடித்த ஃபாரம்) ஒவ்வொன்றையும் தைத்து, அதன் மேல் பசை போடச் சொல்லுங்கள். அந்தச் செலவு கட்டாவிட்டால், வெயிலும் குளிரும் தாங்கும் பியூஆர் பசையாவது கேளுங்கள். தாளின் நார் ஓட்டம் முதுகுக்கு இணையாக இருக்கணும். குறுக்கே போனால் பக்கம் படியாது, ஈரத்தில் முதுகோரம் நெளியும்.

முதுகு அளவு: 160 பக்கம் என்றால் 80 தாள். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) மேப்லித்தோ தாள் சுமார் 0.1 மி.மீ. என்று வைத்தால் 8 மி.மீ., அட்டைக்கு இன்னொரு அரை மி.மீ. இது கணக்குக்குத்தான். அதே தாளில் வெற்று டம்மி (அச்சில்லாத மாதிரிப் புத்தகம்) கட்டி வாங்கி அளந்த பிறகே அட்டையை முடியுங்கள்.

சமஉயரக்கோடு:
கூகுள் ஸ்கிரீன்ஷாட் வேண்டவே வேண்டாம். அச்சு வழிகாட்டி நூலுக்கு மையச் சரக்காக அதைப் போட அவர்கள் விதியே இடம் தருவதில்லை. எல்லோரும் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை எடுத்து, க்யூஜிஐஎஸ் என்கிற இலவச வரைபட மென்பொருளில் நீங்களே வரையலாம், விற்கவும் செய்யலாம். '© ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று போட்டு, அந்தத் தரவுக்கான ஓடிபிஎல் உரிமத்தையும் குறிப்பிடணும். தரவில் நீங்கள் செய்த பாதைத் திருத்தங்களை அங்கேயே ஏற்றிவிட்டால் உரிமச் சிக்கலும் தீரும்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் கோடுதான். சமஉயரக் கோட்டுக்கு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) 40 சதவீதக் கறுப்பு கொடுத்தால் திரையில் அழகான சாம்பல் கோடு. அச்சில் அது புள்ளி புள்ளியாக உடைந்துவிடும். மெல்லிய கோடும் பொடி எழுத்தும் ஏதாவது ஒரு மையில் 100 சதவீதம் இருக்கட்டும், கோடு 0.25 பாயின்ட்டுக்குக் கீழே போக வேண்டாம். ஒவ்வொரு மைக்கும் தனி அச்சுத்தகடு (பிளேட்) உண்டு; எழுத்து கறுப்பு பிளேட்டில் மட்டும். நாலு மை கலந்த கறுப்பு என்றால், பிளேட் நூலளவு விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிழல் தட்டும்.

1:25,000 என்று அளவு விகிதத்தை எழுதி மட்டும் விடாதீர்கள். படத்தைப் பக்கத்துக்குள் அடக்கச் சுருக்கினால் அது பொய். அளவுக்கோடு வரைந்தால் படத்தோடு சேர்ந்து சுருங்கும்.

பக்கத்தை இன்டிசைன் மென்பொருளில் அமைக்கிறீர்கள் என்றால், பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசருக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் 'கொ'வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். மெய்ப்பில் முதலில் அதைத்தான் தேடுவேன்.

கிடங்கு:
செலவு பாதி என்பது, விற்றுப்போன பிரதிக்குத்தான். வழிகாட்டி நூல் சீக்கிரம் பழசாகும் சரக்கு. 18 மாதத்தில் தீரும் அளவுக்கு மேல் போடாதீர்கள். 300 வரை பெரும்பாலும் டிஜிட்டல்தான் கட்டும். அதில் ஃபாரம்16 சொன்ன முகக் கணக்கு செல்லாது, கலர் பக்கத்தை எண்ணித்தான் காசு வாங்குவார்கள்.

விலை, அச்சுச் செலவைப் போல் 4, 5 மடங்கு இருக்கணும். கடைக் கழிவே 35, 40 சதவீதம் போகும். நடுவில் விநியோகஸ்தர் வந்தால் 50ஐத் தொடும். 3 மடங்கு வைத்தால் தபாலும் அழுக்காகித் திரும்பும் பிரதிகளும் மிச்சத்தைத் தின்றுவிடும்.

பேருந்து நேரம், கட்டணம், தொலைபேசி எண் எதையும் அச்சிட வேண்டாம். க்யூஆர் குறியீடு வைத்து இணையத்துக்கு அனுப்புங்கள். அது உங்கள் சொந்த டொமைனுக்குப் போகட்டும். இலவசச் சுருக்கு முகவரிச் சேவையை மூடிவிட்டால் அத்தனை பிரதியிலும் குறியீடு செத்துவிடும். அளவு 2 செ.மீ.க்குக் குறையாமல், சுற்றிலும் குறியீட்டின் நாலு சிறு கட்ட அகலத்துக்கு வெள்ளை விடுங்கள்.

பாதசாரி:
நன்றி. 160 பக்கம், 500 பிரதி, தையல் என்று முடிவு. இடையில் ஒரு பாதையை மூடிவிட்டால்? ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான தனி எண்) மாறுமா?

கிடங்கு:
இருப்பில் உள்ளவற்றுக்குத் திருத்தச் சீட்டு. சும்மா செருகினால் கடையிலேயே உதிர்ந்துவிடும். தலைப்புப் பக்கத்தில் ஓரம் ஒட்டுங்கள். பிழை மட்டும் திருத்திய மறு அச்சுக்கு அதே எண். பாதைகளைக் கூட்டிக் குறைத்தால் புதுப் பதிப்பு, புது எண். இபப் மின்னூலுக்குத் தனி எண். பார்கோடின் முழு அளவு 37.29 × 25.93 மி.மீ.; 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்காதீர்கள். அட்டைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று டிசைனர் அதைச் சிவப்பில் போட்டால் சம்மதிக்காதீர்கள். ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்கு அந்தக் கோடு தெரியாது.