புதுப்பிப்பு: காகிதக் கொக்கு மரம் ஒருவழியாக நின்றுவிட்டது

பச்சைத் தாளில் மடித்த கொக்குகளை இலைகளாக ஒட்டிச் செய்த குட்டி மாமரம் பத்தாவது கொக்கிலேயே சாய்ந்துவிடுகிறது என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். அடியில் கனம் வைக்கச் சொன்னீர்கள். கொட்டாங்குச்சியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி நட்டேன். மரம் நின்றது, ஆனால் கிளைகள் தொங்கின. ஆக, குற்றம் கம்பியில்தான். நான் வாங்கியிருந்தது நூல் மாதிரி மெலிசு.

கிருஷ்ணகிரியில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றில் பழைய செம்புக் கம்பி கேட்டு வாங்கினேன். 24 இழைகளை நடுவில் மடித்து, மடிப்புப் பக்கத்தைச் சேர்த்து முறுக்கினால் அடிமரம். மேலே 48 நுனிகள். இறக்கையை விரித்ததும் கொக்கின் வயிற்றில் சின்ன ஓட்டை ஒன்று விழும் இல்லையா, அதற்குள் பசை தொட்ட நுனியைச் செருகிவிட்டேன். முன்பு முதுகில் ஒட்டிப் பசையெல்லாம் வெளியே தெரிந்தது, பார்க்கவே சகிக்காது.

கிஃப்ட் பேப்பர் வேண்டாம், மடிப்பில் வெளுத்துப்போகிறது. நான்கு செ.மீ. சதுரம் போதும். ஆனால் சதுரம் துளி கோணினாலும் அலகு பிளந்துகொள்ளும். அலகை மடக்க ஊசிதான் சரி, என் விரல் நுழையாது.

ஜப்பானில் 1000 கொக்குகள் மடித்துக் கோப்பார்களாம். எனக்கு 48-க்கே கழுத்து வலி.

அப்புறம் ஆயா வந்து பார்த்தார். "பச்சைக் கொக்கை நீ எங்கடா பார்த்த? ஏரிக்கரைப் புளியமரத்துல சாயங்காலம் வெள்ளையாத்தானே அடையும்?"

அடுத்தது புளியமரம், வெள்ளைத் தாளில். பச்சைத் தாள் அரைக்கட்டு மிச்சம் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா?