மூன்று ஏக்கர் முட்காட்டில் எத்தனை டன் விறகு தேறும்?

கமுதிப் புஞ்சை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கமுதிக்குத் தெற்கே எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. ஒரு காலத்தில் மிளகாயும் சோளமும் விளைந்த அந்தப் புஞ்சை, பல ஆண்டுகளாக உழவு விழாமல் கிடந்து, இன்று ஆள் நுழைய முடியாத முட்காடாகிவிட்டது. பெரும்பகுதி சீமைக்கருவேலம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இடையிடையே வேறு மாதிரியான முள்மரங்களும் தெரிகின்றன. வரப்போரத்தில் இரண்டு வேம்பும் ஒரு புளியும் சில பனைகளும் நிற்கின்றன.

கரிமூட்டம் போடும் வியாபாரி ஒருவர் வரப்பில் நின்றபடியே பார்த்துவிட்டு, "முப்பது டன் தேறினாலே பெரிது, நிற்கிற மரம் அத்தனைக்கும் சேர்த்து ஒரே விலையாகப் பேசிக்கொள்ளலாம்" என்கிறார். அவர் சொல்லும் எடை சரியா, குறைவா என்று சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. எது என்ன மரம் என்று பிரித்தறிவது எப்படி, வெட்டுவதற்கு முன்பே விறகின் எடையை ஓரளவு நம்பத்தக்க வகையில் கணிப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

சாயல்குடி வாசகர் எழுதியது:

முதலில் மரத்தைப் பிரித்துவிடுங்கள், எடை பிறகு. முள்மரங்கள் எல்லாம் தூரத்தில் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், பூவையும் நெற்றையும் கையில் எடுத்துப் பார்ப்பதே உறுதியான வழி.

சீமைக்கருவேலத்தின் பூ, விரல் நீளத்துக்கு மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் கதிராகத் தொங்கும். நெற்று வைக்கோல் நிறமாக, தட்டையாக இருக்கும். ஆடுகள் விழுந்து விழுந்து தின்பது அதைத்தான். நாட்டுக் கருவேலத்தின் பூவோ, நல்ல மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன உருண்டையாக இருக்கும். அதன் நெற்று சாம்பல் பூத்து, விதைக்கு விதை இடுங்கி, மணிமாலை போலத் தொங்கும். அடிமரத்தின் பட்டை கறுத்து, நீளவாக்கில் ஆழமாக வெடித்திருக்கும். பூவும் நெற்றும் இல்லாத பருவமென்றால் இலையைப் பாருங்கள்: சீமைக்கருவேலத்தில் இலைக்காம்பு பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு இணைகளாகவே பிரிந்து, அவற்றில் சற்று நீண்ட சிற்றிலைகள் வரிசையாக இருக்கும், நாட்டுக் கருவேலத்தில் அதைவிடக் கூடுதலான இணைகள், மிகப் பொடியான சிற்றிலைகள்.

பட்டை வெளுத்து, கிளை நுனிகளில் வெளிர்மஞ்சள் பூவுருண்டைகள் பெரிய கொத்தாக இருந்தால் அது வெள்வேல். உச்சி குடை விரித்தது போலத் தட்டையாகப் பரந்து, நெற்று சுருண்டிருந்தால் உடைமரம். நம் பக்கம் அது நிறையவே உண்டு.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். நாட்டுக் கருவேலத்தின் வைரம், அதாவது அடிமரத்தின் உள்ளே இருக்கும் கெட்டியான கட்டை, வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் பயன்பட்ட மரம். நேரான, பருத்த அடிமரம் இருக்குமானால் அதை விறகு எடையில் கொடுப்பது பெரிய இழப்பு. அப்படிப்பட்ட மரங்களுக்கு இப்போதே சுண்ணாம்பு அடித்து அடையாளம் வைத்துவிடுங்கள்.

எடைமேடை எழுதியது:

எடைக் கணிப்புக்கு வருகிறேன். சீமைக்கருவேலத்தை ஒவ்வொரு மரமாக அளப்பது வீண் வேலை. ஒரே தூரிலிருந்து ஐந்தாறு கிளைகள் கோணல்மாணலாகக் கிளம்பும் மரத்துக்கு எந்தச் சூத்திரமும் பொருந்தாது. பரப்பை அளந்து, மாதிரிக்கு வெட்டி, நிறுத்துப் பார்ப்பதுதான் நேர்மையான வழி.

பக்கத்துக்கு 21 அடி வைத்து ஒரு சதுரம் கட்டினால் ஏறத்தாழ ஒரு சென்ட் கிடைக்கும். அதற்குள் வேர் பிடித்து நிற்பதை மட்டும் வெட்டி, தொங்கு தராசில் நிறுங்கள். வெளியிலிருந்து உள்ளே சாய்ந்த கிளையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மணிக்கட்டுப் பருமனும் அதற்கு மேலும் உள்ள கட்டையை ஒரு பக்கமும், அதைவிடச் சிறுத்த குச்சிகளான மிலாறை ஒரு பக்கமும் பிரித்து நிறுப்பது முக்கியம். கரிமூட்டக்காரருக்கு வேண்டியது கட்டை. மிலாறு செங்கல் சூளைக்குப் போகும். இரண்டுக்கும் விலை வேறு. பிறகு காட்டை அடர்த்தி, நடுத்தரம், கலைப்பு என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு இடங்களிலாவது இப்படி நிறுத்து, சராசரியை அந்தந்தப் பரப்பின் சென்ட் கணக்கால் பெருக்குங்கள். வரப்பு ஓரத்தை மட்டும் பார்த்து மதிப்பிடக் கூடாது. வெயில் படும் ஓரத்தில் ஒரு மாதிரியும் உள்ளே வேறு மாதிரியும் மரம் வளர்ந்திருக்கும்.

ஈரத்தையும் மனத்தில் வையுங்கள். பச்சை மரத்தின் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு நீர் என்று வைத்துக்கொண்டால், 100 கிலோ பச்சைக்கட்டை, ஈரம் நூற்றுக்குப் பதினைந்தாகக் குறையும் வரை காய்ந்தபின் 70 கிலோ அளவில்தான் நிற்கும். ஆகவே பேசுகிற விலை பச்சை எடைக்கா, காய்ந்த எடைக்கா என்பதை முதலிலேயே தெளிவாக்க வேண்டும். பச்சை எடைக்கு விலை பேசிவிட்டு, வெட்டிய கட்டையை மாதக்கணக்கில் நிலத்திலேயே போட்டு வைத்து, பிறகு எடைமேடைக்குக் கொண்டுபோகும் வழக்கம் சிலரிடம் உண்டு.

தோப்புக்காரர் எழுதியது:

வேம்பையும் புளியையும் இந்தப் பேச்சிலிருந்து அடியோடு பிரித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவை நிழலும் காயும் தரும் மரங்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றாலும் அவற்றுக்கு மரக்கடை விலை வேறு. வேம்பின் வைரம் பூச்சி எளிதில் அரிக்காதது என்பதால் நிலைக்கும் கதவுக்கும் போகிறது.

அவற்றைத் தனித்தனியாக அளக்கலாம். அடிமரத்தின் நடுச்சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, அடிக்கணக்கு நீளத்தாலும் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கனஅடி கிடைக்கும். சுற்றளவு 60 அங்குலம், நீளம் 8 அடி என்றால் 12½ கனஅடி. மரக்கடையில் வழங்கும் இந்தக் கணக்கு, உருண்டை மரத்தின் உண்மையான கன அளவைவிட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே குறைத்துக் காட்டும். அறுவையில் கழிவாகும் ஓரச் சிராயும் அடுப்பில் எரியும் அல்லவா? ஆகவே விறகுக்கு இதே மரத்தை 16 கனஅடி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கனஅடி நீரின் எடை 28 கிலோ. பச்சையாக உள்ள கனத்த மரத்துக்கும் ஏறத்தாழ அதையே கொள்ளலாம் என்பதால், அந்த அடிமரம் மட்டும் 450 கிலோவை ஒட்டி வரும். பரந்து வளர்ந்த மரத்தில் கிளை விறகு இதற்கு மேல் தனி. முருங்கை, ஒதியம் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு உதவாது. வெட்டும்போது கனக்கும், காய்ந்தால் தக்கையாகிவிடும்.

பனையைக் கேட்காமல் தொட விடாதீர்கள். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது.

கமுதிப் புஞ்சை எழுதியது:

மூவருக்கும் நன்றி. சொன்னபடியே செய்து பார்த்தேன். அடர்ந்த ஒரு ஏக்கரில் சென்டுக்குச் சராசரி 310 கிலோ, நடுத்தரமான ஒன்றேகால் ஏக்கரில் 170 கிலோ, கலைப்பான முக்கால் ஏக்கரில் 50 கிலோ கிடைத்தது. கூட்டினால் பச்சை எடையில் 56 டன் வருகிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிலாறு. உள்ளே நான்கு நாட்டுக் கருவேல மரங்கள் நல்ல அடிமரத்தோடு நிற்கின்றன. அவற்றுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். இனி மொத்த விலை பேசாமல், டன் விலைதான் பேசுவதாக இருக்கிறேன். வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

எடைமேடை எழுதியது:

இரண்டு விஷயங்கள். வண்டியின் காலி எடையையும் நிறை எடையையும் ஒரே எடைமேடையில், உங்கள் ஆள் உடனிருக்கும்போது போட்டு, இரண்டு சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, தூர். சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டிவிட்டுப் போனால் அடுத்த மழைக்கே தூரிலிருந்து கொத்தாகத் துளிர்த்துவிடும். மறுபடி உழ வேண்டுமென்று நினைக்கிற உங்களுக்கு அது பெரும் தொல்லை. தூர்க்கட்டையும் எடை நிற்கும், கரிக்கும் ஆகும். ஆகவே வேரோடு தோண்டி எடுப்பது வெட்டுபவரின் பொறுப்பு, அந்தத் தூருக்கும் டன் கணக்கில் விலை உண்டு, பள்ளத்தை மூடித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதன்பிறகு முன்பணம் பெறுங்கள்.