ஹைவேயில் மட்டும் இஞ்சின் ஹீட் ஆகிறது, டிராஃபிக்கில் ஒன்றுமில்லை. ஹெட் இறக்கத்தான் வேண்டுமா?

மஞ்சக்குப்பம் டீசல்:

வணக்கம். கடலூரில் இருக்கிறேன். 2014 மாடல் டீசல் ஹேட்ச்பேக், போன வருஷம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பாண்டிக்குப் போகும்போது முருங்கப்பாக்கத்திலும் மரப்பாலம் சிக்னலிலும் ஏ.சி. போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாலும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுவதில்லை. அதே வண்டி திண்டிவனம் தாண்டி சென்னை ரோட்டில் 100 பிடித்தால், மேல்மருவத்தூர் வருவதற்குள் முள் ஏற ஆரம்பித்துவிடுகிறது. 70க்குக் குறைத்தால் தானாக இறங்குகிறது, ஏ.சி.யை அணைத்தால் இன்னும் சீக்கிரம் இறங்குகிறது. கூலன்ட் குறையவில்லை, ஒழுகலும் இல்லை.

ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (சூடேறியதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) கழற்றிவிட்டார், பிரயோஜனமில்லை. இன்னொருவர் ஹெட் கேஸ்கெட் (இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட் இறக்கணும் என்கிறார். அம்மாவை வைத்தியத்துக்கு சென்னை அழைத்துப் போகிற வண்டி இது, வழியில் நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு முறையும் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன். இன்னொன்று, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்தபோது இந்த வண்டி பழைய ஓனர் வீட்டு வாசலில் பம்பர் அளவு தண்ணீரில் நின்றதாம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

நெல்லித்தோப்பு பட்டறை:

தம்பி, இப்போதைக்கு ஹெட்டில் யாரையும் கை வைக்க விடாதீங்க.

சிக்னலில் நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்று கொடுப்பது ஃபேன். அங்கே ஹீட் ஆகவில்லை என்றால் ஃபேன் நல்லா ஓடுகிறது. 60க்கு மேல் போனால் ஃபேனுக்குப் பெரிய வேலை கிடையாது, எதிர்க்காற்றே போதும். ஆனால் இஞ்சின் படும் பாடு வேற. காற்றைக் கிழித்துக்கொண்டு போக ஆகும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும், அதனால் 70ல் போவதற்கும் 100ல் போவதற்கும் நடுவில் அது மட்டும் ஏறக்குறைய மூன்று மடங்கு கூடிவிடும். அவ்வளவு சூடும் ரேடியேட்டர் வழியாகத்தான் வெளியே போகணும். மெதுவாகப் போகும்போது பாதி அடைத்த ரேடியேட்டர் கூட சமாளித்துவிடும், வேகம் எடுத்தால்தான் குட்டு வெளிப்படும்.

புயல் தண்ணியில் நின்ற வண்டி என்று சொன்னீங்களே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முன்னால் கிரில் வழியாகப் பார்த்தால் தெரிவது ஏ.சி. கன்டென்சர், ரேடியேட்டர் அதற்குப் பின்னால் இருக்கு. ரெண்டுக்கும் நடுவில் விரல்கூட நுழையாத சந்து. வெள்ளத்து வண்டல் அதில் இறங்கிக் காய்ந்தால் களிமண் பூசின மாதிரி ஒட்டிக்கும். சர்வீஸில் முன்பக்கம் தண்ணி அடித்தால் கன்டென்சர் பளிச்சுனு ஆகும், பின்னால் இருக்கிற மண் அப்படியே இருக்கும். பம்பரைக் கழற்றி, மேல் பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்க. மண் இருந்தால் இஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதா ஹோஸ் தண்ணியில் ஊறவைத்து ஊறவைத்துக் கழுவணும். பிரஷர் கன் வேண்டவே வேண்டாம், ஃபின் என்கிற மெல்லிய தகடெல்லாம் மடிந்துவிடும்.

கழுவும்போதே ஒரு ஃபின்னை விரலால் லேசாக நெருடிப் பாருங்க. வெள்ளையாகப் பொடிந்தால் கடல் காத்து தின்றுவிட்டது என்று அர்த்தம், அப்புறம் கழுவிப் பலனில்லை, ரேடியேட்டரையே மாற்றணும்.

உப்புக்காத்து:

மேலே அண்ணன் சொன்னது சரி. தெர்மோஸ்டாட் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன். நம்ம பக்கம் ஹீட் என்றாலே முதல் வேலையாக அதைப் பிடுங்கிப் போடுகிறார்கள், இது ரொம்பத் தப்பு. பல இஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இஞ்சினுக்குள்ளேயே சுற்றும். அதனால் புதுசு ஒன்று வாங்கிப் போடுங்கள். போடுவதற்கு முன் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் சூடாக்குங்கள், மேலே பொறித்திருக்கும் டிகிரி வந்ததும் திறக்க ஆரம்பிக்கணும், தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகவே திறந்திருக்கணும்.

அடுத்து ரேடியேட்டரின் கீழ் ஹோஸ். அது வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கம். பழைய ஹோஸ் தொளதொளவென்று ஆகியிருந்தால் ஐடிலில் ஒழுங்காக இருக்கும், 3000 ஆர்பிஎம் தாண்டினால் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். இஞ்சின் சூடான பிறகு ஒருத்தரை ஆக்ஸிலேட்டர் மிதிக்கச் சொல்லி, பெல்ட், ஃபேன் பக்கம் கை போகாமல் தள்ளி நின்று பாருங்கள். சப்பையானால் அதுதான் காரணம்.

இதுவரை என்ன தண்ணீர் ஊற்றினார்கள் என்றும் கேளுங்கள். கடலோரத்து போர் தண்ணீர் என்றால் உள்குழாயில் உப்புப் படிந்திருக்கும், வாட்டர் பம்ப் இதழும் அரித்திருக்கலாம்.

ஈசிஆர் ஓட்டுநர்:

அண்ணா, ஹெட் கேஸ்கெட்டா இல்லையா என்பதைப் பிரிக்காமலே சோதிக்கலாம். காலையில் குளிர்ந்த வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் பண்ணுங்க, குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் சந்தேகப்படலாம். அல்லது மூடியைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் பண்ணி, ஒரு நிமிஷத்துக்குள்ளேயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுதா பாருங்க. கூலன்டில் இஞ்சினுக்குள் எரிந்த புகை கலந்தால் நிறம் மாறும் நீலத் திரவம் ஒன்று இருக்கு, அந்த டெஸ்ட் செய்யாமல் ஹெட் இறக்க ஒத்துக்காதீங்க. உங்களுக்குக் கூலன்ட் குறையவே இல்லை என்பது நல்ல அறிகுறி.

பல வண்டிகளில் முள் நடுவிலேயே நிற்கிற மாதிரி செட் பண்ணியிருப்பாங்க, அது நகர்ந்தால் ஏற்கெனவே சூடு அதிகம் என்று அர்த்தம். ஓபிடி புளூடூத் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படித்துப் போனுக்கு அனுப்பும் கருவி) ஒன்று வாங்கி மாட்டினால் போனில் டிகிரி கணக்காகத் தெரியும்.

சரிபண்ணும்வரை 80க்கு மேல் போகாதீங்க. வழியில் ஏறினால் ஏ.சி.யை ஆஃப் பண்ணி ஹீட்டரை ஃபுல்லா வையுங்க, அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். அப்பவும் இறங்கலைனா ஓரங்கட்டி இஞ்சினை அணைத்துவிடுங்க. சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது, பிரஷர் விட்டதும் கூலன்ட் கொதித்து முகத்தில் அடிக்கும்.

மஞ்சக்குப்பம் டீசல்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நீலத் திரவ டெஸ்ட் செய்தோம், நிறம் மாறவில்லை. பம்பரைக் கழற்றினால் ரேடியேட்டரின் கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிற மண், நடுவில் வைக்கோல் துண்டுகூடச் சிக்கியிருந்தது. ஊறவைத்துக் கழுவி, தெர்மோஸ்டாட் புதுசு போட்டு, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் சரிபாதி ஊற்றியாயிற்று. ஃபின் பொடியவில்லை, கீழ் ஹோஸும் சப்பையாகவில்லை. முன்பு 100ல் 112 டிகிரி காட்டியது, இப்போது 98லேயே நிற்கிறது. ஏ.சி. போட்டால் மட்டும் 102, 103 வருகிறது. இது சரிதானா?

நெல்லித்தோப்பு பட்டறை:

பரவாயில்லை, ஆனால் இன்னும் கொஞ்சம் இறங்கணும். பம்பருக்கு அடியில் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் ஒன்று இருக்கணுமே, இருந்ததா?

மஞ்சக்குப்பம் டீசல்:

இல்லை. ரெண்டு ஓரத்திலும் உடைந்த கிளிப் மட்டும் இருக்கிறது. வெள்ளத்தில் போயிருக்கும்போல.

நெல்லித்தோப்பு பட்டறை:

அதை வாங்கி மாட்டுங்க தம்பி. அது இல்லாவிட்டால் வேகத்தில் வரும் காற்று ரேடியேட்டர் வழியே போகாமல் அடியில் நழுவிவிடும். பழைய பார்ட்ஸ் கடையிலேயே கிடைக்கும், கிளிப் மட்டும் புதுசா வாங்குங்க. ரேடியேட்டர் மூடியும் பழசாக இருந்தால் அதே நம்பர் பிரஷரில் மாற்றிடுங்க. போட்டுவிட்டு ஏ.சி.யோடு ஒருமுறை ஓட்டி, என்ன டிகிரி என்று எழுதுங்க. அப்பவும் 100க்குக் கீழே வரலைனா ரேடியேட்டரைக் கழற்றி உள்குழாய் அடைப்பைப் பார்ப்போம்.