விர்டஸ் ஜி.டி.க்கு விலை கூடின டயர்: கொடுக்கற காசுக்கு உண்டுங்களா?

ஆழியாறு40 (கேள்வி)

வணக்கம்ங்க. கோயம்புத்தூர்ல இருந்து எழுதறேன். வண்டி ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜி.டி. கார், 1.5 டர்போ, டி.எஸ்.ஜி. (ஆட்டோமேட்டிக் கியர்). 2022 டிசம்பர்ல எடுத்தது. இப்ப 44,000 கிலோமீட்டர் ஓடியிருக்குது. வண்டியோட வந்த டயர்தான் இன்னும் கிடக்குது. முன்னாடி ரெண்டுலயும் பட்டன் தேஞ்சு, காடிக்குள்ள (பட்டனுக்கு நடுவுல ஓடற பள்ளம்) குறுக்கால ஒரு சின்னத் திட்டு இருக்குமே, கிட்டத்தட்ட அதைத் தொட்டுருச்சு. பின்னாடி ரெண்டும் பரவாயில்லை. முன்னதைப் பின்னாடி, பின்னதை முன்னாடி மாத்திப் போடணும்னு தெரியும். சோம்பேறித்தனம், போடலை.

தினமும் சிங்காநல்லூர்ல இருந்து அரசூருக்கு வேலைக்குப் போய் வருவேன். மாசம் ஒரு தடவை மாமனார் வீடு, சேலம். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வால்பாறை. அங்க ஒரு நண்பன் இருக்கான். தொந்தரவே அந்த வால்பாறை ரோட்டுலதான். ஆழியாறு தாண்டி மேல ஏறும்போது ரோடு ஈரமா இருந்துச்சுன்னா, வளைவுல இருந்து வெளிய வர்ற நேரம் ரெண்டாவது கியர்ல லேசா மிதிச்சாலே முன் சக்கரம் சும்மா சுத்துது, டாஷ்போர்டுல சக்கரம் வழுக்குதுன்னு காட்டற மஞ்ச விளக்கு கண்ணடிக்குது.

காந்திபுரத்துல ஒரு டயர் கடையில விசாரிச்சேன். சைஸ் 205/55 ஆர்16 (205 மில்லி அகலம், 16 இஞ்ச் ரிம்), ஜி.எஸ்.டி. 28-ல இருந்து 18 ஆனதுக்கு அப்புறம் சொன்ன விலை. நம்மூர்க் கம்பெனி டயர் ஒண்ணு 7,400. மிச்சலின் பிரைமசி 4 எஸ்.டி. 10,600. அதே கம்பெனியோட ஸ்போர்ட்ஸ் டயர் பைலட் ஸ்போர்ட் 4 போடணும்னா 14,200. நாலுக்கும் 56,800. வீட்டம்மாகிட்டச் சொன்னேன். "வண்டிக்குச் செருப்பு வாங்க இவ்வளவா?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டாங்க.

கேள்வி மூணு. ஒண்ணு, அந்த 14,200 டயர் நிஜமாவே வித்தியாசம் காட்டுமா? ரெண்டு, பின்னாடி டிரம் பிரேக் இருக்கற வண்டிக்கு அவ்வளவு நல்ல டயர் வீண்தானேன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றார், சரிங்களா? மூணு, இப்போதைக்கு முன்னாடி ரெண்டு மட்டும் போட்டுக்கலாமா? கடைக்காரர் வேற 17 இஞ்ச் அலாய் ரிம் போட்டு, இன்னும் அகலமான 225/45 டயருக்கு மாறிருங்கங்கறார்.

ஓஎம்ஆர் வாசி

ப்ரோ, வேணாம். சென்னையில போட்டுப் பார்த்துட்டுதான் சொல்றேன். பெரிய பேர் உள்ள ஸ்போர்ட்ஸ் டயர், நாலு மாசம் அப்படியே தண்டவாளத்துல போற மாதிரி ஓடுச்சு. அப்புறம் ஒரு மழை நாள், தண்ணி நின்ன குழி, உள்ள என்ன இருக்குன்னு தெரியலை. ஒரே இடி. மறுநாள் காலையில பார்த்தா டயரோட பக்கச் சுவர்ல எலுமிச்சம்பழம் சைஸுக்கு பலூன் விட்டிருக்கு. அதை ஒட்டவும் முடியாது, ஓட்டவும் முடியாது. தூக்கித்தான் போட்டேன். வாரன்டி கேட்டேன், குழியில விழுந்ததுக்கு எல்லாம் கிடையாதுன்னாங்க. சிட்டிக்குள்ள 40-ல போறவனுக்கு எதுக்கு இந்த ஆடம்பரம்?

17 இஞ்ச் பேச்சே எடுக்காதீங்க. ரப்பர் உயரம் இன்னும் குறையும், குழி நேரா ரிம்மைத் தேடி வரும்.

சங்ககிரியான்

தம்பி, கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையாப் படிங்க. எங்கப்பா லாரி வெச்சிருந்தவர். எங்க வீட்டுல சோத்துக்கு அடுத்த பேச்சு டயர்தான். நான் ஓட்டறது பழைய ஆக்டேவியா 1.8, உங்க சைஸ்தான், அதே 205/55 ஆர்16. 180 குதிரை, முன் சக்கர இழுவை. ஈர ரோட்டுல மிதிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாததில்ல.

முதல்ல அந்த டிரம் பிரேக் கதையை முடிச்சர்றேன். அடுத்த தடவை ஆள் இல்லாத ரோடாப் பார்த்து 60-ல இருந்து அடிச்சுப் பிரேக் பிடிங்க. காலுக்கடியில டகடகன்னு ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்காமப் பார்த்துக்கறது) துடிக்கும். துடிக்குதுன்னா என்ன அர்த்தம்? சக்கரத்தை நிறுத்தற பலம் பிரேக்குக்கு ஏற்கனவே இருக்குது, ரோட்டைப் பிடிக்கத்தான் டயருக்குப் போதலைன்னு அர்த்தம். அதுவும் பிரேக் பிடிக்கறப்ப பாரம் எல்லாம் முன்னாடி சாயும், பின் சக்கரத்துக்கு வேலை கம்மி. அதனால உங்க ஆபீஸ்காரர் சொல்றது தலைகீழ். அந்த வண்டி சீக்கிரம் நிக்கணும்னா செலவு பண்ண வேண்டிய இடமே டயர்தான்.

ஸ்போர்ட்ஸ் டயர் வித்தியாசம் காட்டுமான்னா, காட்டும். புதுசுல ரொம்பவே காட்டும். 2018-ல நான் ஒரு செட் போட்டேன், ஒண்ணு 12,000. (கம்பெனி பேர் வேண்டாம், தப்பு என் பேர்ல.) ஸ்டீயரிங்கை அரை விரல் அளவு திருப்பினா மூக்கு உடனே திரும்பும். பக்கச் சுவர் கட்டியா இருக்கறதால வளைவுல டயர் மடங்காது. ரப்பர் இளகினது, ஈரத்துலயும் ஒட்டும். ஏற்காடு இருபது வளைவையும் சிரிச்சுக்கிட்டே ஏறினேன். அந்தச் சந்தோஷத்தைப் பொய்னு சொல்ல மாட்டேன்.

ஆனா இளகின ரப்பர் நம்மூர் வெயில்ல சோப்பு மாதிரி கரையும். 29,000 கிலோமீட்டர்ல முன்னாடி ரெண்டும் மெலிஞ்சு போச்சு. சட்டத்துக்கு 1.6 மில்லிமீட்டர் இருந்தாப் போதும், நீங்க சொன்ன திட்டு அந்த உயரம்தான். எனக்கு இன்னும் அதுக்கு மேல இருந்துச்சு. மாத்தலாமான்னு நினைப்பேன், உடனே அந்த 48,000 கண்ணு முன்னாடி வந்து நிக்கும். இன்னொரு மழைக்காலம் ஓட்டிக்கலாம்னு விட்டுட்டேன்.

2019 ஐப்பசி. கோயமுத்தூர்ல இருந்து திரும்பி வர்றேன், பெருந்துறை தாண்டி. பெரிய மழைகூட இல்ல, பெஞ்சு ஓஞ்சுருந்துச்சு. இடது லேன்ல லாரி ஓடி ஓடி ரெண்டு வரியாப் பள்ளம் விழுந்திருக்கும், பார்த்திருப்பீங்க. அதுல தண்ணி நிக்குது. நான் 100-ல போறேன். திடீர்னு ஸ்டீயரிங் வெறும் தட்டு மாதிரி லேசாப் போச்சு. என்ஜின் முள்ளு தானா மேல எகிறுது, வண்டி வேகம் ஏறலை. முன் சக்கரம் ரெண்டும் ரோட்டை விட்டுட்டுத் தண்ணி மேல மிதக்குது. ரெண்டு செகண்டு இருக்கும். நான் ஒண்ணும் பண்ணலை, பண்ணத் தோணலைங்கறதுதான் நிஜம். தண்ணி முடிஞ்சுது, டயர் ரோட்டைப் பிடிச்சுது, வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நேராப் போச்சு. பவானி வர்ற வரைக்கும் 60-ஐத் தாண்டலை.

வீட்டுக்கு வந்து காடி ஆழத்தை அளந்தேன். 2.9 மில்லி. சட்டப்படி நல்ல டயர்.

என்ன நடக்குதுன்னா, தேங்கின தண்ணியில டயருக்கு வேலையே தண்ணியைக் காடி வழியா வெளிய தள்றது. நெடுஞ்சாலை வேகத்துல ஒவ்வொரு டயரும் செகண்டுக்குப் பல லிட்டர் தள்ளியாகணும். புதுசுல காடி ஆழம் சுமார் எட்டு மில்லி, நல்லாத் தள்ளும். மூணு மில்லியில வாய்க்கால் தூந்து போன மாதிரி, தண்ணிக்குப் போக வழியில்ல. ரப்பர் எவ்வளவு உசத்தியா இருந்தாலும் ரோட்டைத் தொட்டாத்தானே ஒட்டும்? அன்னைக்கு அந்த இடத்துல 6 மில்லி இருக்கற 7,000 ரூபாய் டயர் என்னோட 12,000 ரூபாய் டயரைவிட நல்லா நின்னிருக்கும். அகலம் கூடினா தள்ள வேண்டிய தண்ணியும் கூடும், அதனால அந்த 225 யோசனையை விட்டுருங்க.

அதுல இருந்து நான் பார்க்கறது ஒண்ணுதான். மூணு மில்லியில, இன்னும் ஓடுமேங்கற எண்ணம் வராம கழட்டி வீச எனக்கு எந்த விலை டயருக்கு மனசு வரும்? எனக்கு அது நடு விலை டயர். அதுக்கப்புறம் ரெண்டு செட்டு மாத்திட்டேன், ரெண்டையும் மூணு மில்லிக்கு மேலயே கழட்டினேன். அதுல நாலு டயர் இப்ப தொழுவத்துக்குப் பக்கத்துல செடித்தொட்டி. உங்களுக்கு 56,800 கொடுத்தும் அந்த மனசு வரும்னா தாராளமா ஸ்போர்ட்ஸ் டயர் போடுங்க. வராதுன்னா பிரைமசி.

எதைப் போட்டாலும் 91-வி-க்குக் கீழ போகாதீங்க. 91-ன்னா ஒரு டயர் 615 கிலோ தாங்கும், வி-ன்னா 240 வேகம். அந்த வேகத்துல நாம போகப் போறதில்ல, ஆனா அந்தச் சூட்டைத் தாங்கற கட்டுமானம் வேணும்.

மூணாங்கியர்

சங்ககிரி அண்ணன் சொல்றதுல பாதிக்குத்தான் நான் உடன்படறேன். தேங்கின தண்ணிக்கு அவர் கணக்கு சரி. ஆனா ஆழியாறு40 கேட்டது வால்பாறை. அங்க 40 கொண்டை ஊசி வளைவு, 30-40 வேகம். அந்த வேகத்துல எந்த டயரும் மிதக்காது. அங்க பிரச்சனை பாசி, சேறு, நனைஞ்ச இலை. அதுக்கு ரப்பர்தான் பேசும், காடி இல்ல.

செட்டிப்பாளையம் காரி ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்கு, நம்ம வண்டியை ஓட்ட விடற டிராக் நாள்கள்ல நான் போவேன். வண்டியோட வந்த டயர்ல நாலாவது சுத்துலயே ஓரம் மாவு மாதிரி உதிர்ந்துச்சு. ஸ்போர்ட்ஸ் டயர்ல பத்து சுத்து ஒரே மாதிரி போகும். அது எனக்கு வேணும், நான் கொடுக்கறேன். மாசம் ஒரு தடவை மாமனார் வீட்டுக்குப் போக வேணுமான்னு கேட்டா, வேணாம்தான்.

இன்னொண்ணு. 2020 ஜூன்ல இருந்து வெளிநாட்டு டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேணும். அதனால சில சைஸ் வரும், சில சைஸ் மாசக்கணக்குல வராது. ஸ்போர்ட்ஸ் டயர் போட்டு ஒண்ணு மட்டும் பலூன் விட்டா, ஜோடி தேடி அலைய நேரும். வாங்கும்போது டயரோட பக்கச் சுவர்ல இருக்கற நாலு இலக்கத் தேதியைப் பாருங்க. முதல் ரெண்டு இலக்கம் தயாரிச்ச வாரம், அடுத்த ரெண்டு இலக்கம் வருஷம். கடை மூலையில ரெண்டு வருஷம் தூங்கினதைப் புதுசுன்னு தலையில கட்டுவாங்க.

ஆழியாறு40

ரொம்ப நன்றிங்கண்ணா. அந்த மூணாவது கேள்வி? ரெண்டு மட்டும் போட்டா ஓடாதா? இழுவை முன்னாடிதானே, புதுசு ரெண்டும் முன்னாடி?

சங்ககிரியான்

எல்லாக் கடையிலயும் அப்படித்தான் மாட்டுவாங்க. தப்புங்க தம்பி. ரெண்டுதான் வாங்கறீங்கன்னா புதுசு பின்னாடி, பின்னாடி இருக்கற பழசு முன்னாடி. முன் சக்கரம் வழுக்குச்சுன்னா வண்டி நேராப் போகும், காலை எடுத்தா மூக்கு திரும்பிரும். பின் சக்கரம் வழுக்குச்சுன்னா வண்டி சுத்தும். சுத்தற வண்டியை நேராக்கற ஆளுங்க இந்தத் திரியில மூணாங்கியர் ஒருத்தர்தான் இருக்கார். 😀

ஆனா பின்னாடி ரெண்டும் மூணு வருஷம் ஆனது. நாலா மாத்திருங்க. மழை வேற வரப் போகுது.

ஆழியாறு40

போட்டாச்சுங்க. பிரைமசி, நாலும். பேரம் பேசி அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் சேர்த்து 41,500. இலக்கம் 3125, போன ஜூலைக் கடைசி. 17 இஞ்ச் அலாய் வேண்டாம்னதும் கடைக்காரர் முகம் கொஞ்சம் வாடிப் போச்சு.

போன ஞாயிறு வால்பாறை. அட்டகட்டிக்கு மேல தூறல். மிதிச்சா அந்த மஞ்ச விளக்கு இன்னும் கண்ணடிக்குது, அது என் கால்ல இருக்கற கோளாறு போல. ஆனா பிரேக் பிடிச்சுக்கிட்டே வளைவுக்குள்ள நுழையும்போது இருந்த அந்த வெளிப்பக்கமா வழுக்கற உணர்வு இல்ல. சத்தமும் கம்மி, பின்னாடி குழந்தை தூங்கிட்டான்.

காடி ஆழம் பார்க்கற கருவி ஒண்ணு 180 ரூபாய்க்கு வாங்கினேன். தீபாவளிக்குச் சேலம் போனப்ப சும்மா மாமனார் வண்டியில வெச்சுப் பார்த்தேன். 1.4. அவர் அதுலதான் வாரா வாரம் ஏற்காடு ஏறி இறங்கறார். வீட்டம்மாகிட்டச் சொன்னேன், "நீங்களே அப்பாகிட்டச் சொல்லிக்கங்க"ன்னுட்டாங்க. எப்படி ஆரம்பிக்கறதுன்னு யாராவது சொல்லுங்களேன்.