புதுப்பிப்பு: அம்மாவுக்குக் காயில் (coil) வைத்தாயிற்று

மூளை ரத்தக்குழாய் வீக்கம் வெடித்துவிட்டது, மண்டையைத் திறந்து வீக்கத்துக்குக் கிளிப் போடுவதா, உள்ளே காயில் வைப்பதா என்று போன வாரம் கேட்டிருந்தேன். காயில்தான். தொடை வழியாகக் குழாய் விட்டு, மெல்லிய பிளாட்டினம் கம்பியைச் சுருள் சுருளாக நிரப்பி அடைத்தார்கள். மண்டையைத் திறக்கவில்லை. இரண்டும் பொருந்துகிற நோயாளிகளில், ஓராண்டு கழித்துக் காயில் வைத்தவர்களே மேலாக இருந்தார்கள் என்று இரண்டையும் ஒப்பிட்டு 2002இல் வந்த ஐசாட் (ISAT) ஆய்வு காட்டியது.

அடைத்ததும் ஆபத்து தீர்ந்தது என்று நினைத்தேன். இல்லை. வெடித்த நாளிலிருந்து எண்ணினால் 4ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள்வரை ரத்தக்குழாய்கள் இறுகிச் சுருங்கலாம். அதனால் மூளை கெடாமலிருக்க நிமோடிபின் என்ற மருந்து 60 மில்லிகிராம், நாலு மணிக்கொரு தடவை, 21 நாள். ராத்திரி இரண்டு மணிக்கும் நர்ஸ் அக்கா எழுப்பிக் கொடுக்கிறார்.

இன்று 9ஆம் நாள். காலையில் அம்மா என்னைப் பார்த்து, "சாப்பிட்டியாடா?" என்றாள்.