ஆயாவுக்கு ஃபோனில் தோபித்து வாசித்த அனுபவம் – உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்

எங்கள் ஆயாவுக்கு, அப்பாவைப் பெற்றவருக்கு, இரண்டு கண்ணிலும் புரை. சர்க்கரை குறையாததால் ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போனது. கோவிலூர் கத்தோலிக்கப் பங்கில் எழுபது வருஷத்துக்கு மேல் பூசை கண்டவர். ஜெபப் புத்தகத்தைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். ஊரில் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. அதனால் ஒரு சனிக்கிழமை தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே இலவச பைபிள் செயலி ஒன்றை இறக்கி, தமிழ் முழுவதையும் ஆஃப்லைனில் சேமித்துக்கொண்டு போனேன்.

களி சாப்பிட்டு முடித்ததும் கேட்டார். "தொபியாசு கதைய படி கண்ணு. சம்மனசு கூடவே நடந்து போகுமே, அது."

சம்மனசு என்றால் தேவதூதர். தேடினேன், இல்லை. தொபியாசு, தோபியா, தோபித்து என்று எப்படி அடித்தாலும் ஒன்றும் வரவில்லை. அட்டவணையை எண்ணிப் பார்த்தால் 66 புத்தகம்தான். ஆயா கேட்டு வளர்ந்தது 73. அவர் சின்னப்பர் என்பார், செயலியில் பவுல். அவர் அருளப்பர் என்பார், செயலியில் யோவான். இத்தனை நாள் பெயர்தான் மாறியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஏழு புத்தகம் முழுசாகவே இல்லாத பைபிளும் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டம்மா கிருஷ்ணகிரி லுத்தரன், அதாவது புராட்டஸ்டன்ட் குடும்பம். "எங்க பைபிள் அப்படித்தான், அதையெல்லாம் தள்ளுபடி ஆகமம்னு சொல்லுவாங்க" என்று ஃபோனில் சொன்னாள். அந்தச் சொல்லை ஆயாவிடம் நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வேறொரு செயலி கிடைத்தது. அதில் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு இருந்தது. தோபித்து, யூதித்து, மக்கபேயர், சீராக்கு எல்லாம் அதில் உண்டு. எழுத்தைப் பெரிதாக்கி வைத்து, நாலு ராத்திரியில் தோபித்தின் 14 அதிகாரத்தையும் வாசித்தேன். செத்தவர்களை எடுத்து அடக்கம் செய்கிற மனுஷன் தோபித்து. முற்றத்துச் சுவர் ஓரமாகப் படுத்திருக்கும்போது குருவி எச்சம் விழுந்து கண்ணில் வெண்படலம் படர்ந்துவிடுகிறது. வைத்தியர்கள் மருந்து போடப் போட இன்னும் மோசமாகிறது. நான்கு வருஷம் பார்வை இல்லை. அந்த இடத்தில் ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டார். மகன் தொபியாசு மீனின் பித்தப்பையைக் கொண்டுவந்து தடவி, படலத்தை உரித்து எடுக்கிற இடம் வரைக்கும் விடவில்லை. பிறகு கேட்டார்: "கூடப் போன நாய் திரும்பி வந்துச்சா?" வந்தது. பதினோராம் அதிகாரத்தில் நாயும் பின்னாலேயே வருகிறது. எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை.

அந்தச் செயலியில் 73-உடன் நிற்காமல் கீழே இன்னொரு நீளமான வரிசை இருந்தது. ஏனோக்கு, யூபிலி, தோமா நற்செய்தி, இயேசுவின் குழந்தைப் பருவம் என்று போகும். எல்லாம் அதே எழுத்து, அதே நிறம். எங்கே பைபிள் முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று ஒரு கோடுகூடக் கிடையாது. குழந்தைப் பருவம் என்று பார்த்ததும், கிறிஸ்துமஸ் நேரம்தானே, ஆயாவுக்குப் பிடிக்கும் என்று திறந்து வாசித்தேன். ஐந்து வயதில் இயேசு ஓய்வு நாளன்று களிமண்ணில் 12 குருவி செய்கிறார், கை தட்டியதும் பறக்கின்றன. ஆயா சிரித்தார். இரண்டு பத்தி தாண்டினால், ஓடிவந்து தோளில் இடித்த ஒரு பையனை அந்தக் குழந்தை சபிக்கிறது, பையன் அங்கேயே விழுந்து சாகிறான்.

"நிறுத்து கண்ணு. இது நம்ம சேசு பாலன் இல்ல."

எழுத்தை நம்பி நான் வாசித்துக்கொண்டே போனேன். கண் தெரியாத அவருக்குக் காது சொல்லிவிட்டது. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவை ஆரம்பித்தேன். தாளில் வரும் பைபிளைக் கையில் எடுத்தாலே அது யாருடையது, எந்தச் சபையுடையது என்று தெரிந்துவிடும். திரையில் எல்லாம் ஒரே தட்டில் வந்து விழுகிறது.

பங்குச் சாமியாரிடம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. அது திருச்சபை ஏற்காத பிற்கால நூல், ஆனால் அந்த வகையிலேயே யாகப்பர் பெயரில் உள்ள இன்னொன்றைப் படித்துப் பார் என்றார். மாதாவின் தாய் தகப்பன் அன்னம்மாள், சுவக்கின் என்கிறோமே, ஜூலை 26-இல் திருநாளும் கொண்டாடுகிறோமே, அந்தப் பெயர்கள் நான்கு நற்செய்தியிலும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த நூலிலிருந்துதான் வந்தன. ஆயாவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்தது அந்தப் புனிதையின் பெயர்.

அதையும் வாசித்தேன். பிள்ளை இல்லாத அன்னம்மாள் தோட்டத்து மரத்தில் குருவிக்கூட்டைப் பார்த்து, இந்தப் பறவைக்குக்கூடக் குஞ்சு இருக்கிறதே என்று அழுகிறார். எங்கள் அப்பா பிறப்பதற்கு முன் ஆயாவுக்கு ஒன்பது வருஷம் குழந்தை இல்லை. வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எல்லாத்துலயும் குருவி வருது பாரு" என்றார். இதை நிறுத்தச் சொல்லவில்லை.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவரின் பதில்

அண்ணா, நான் லுத்தரன். அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபை மிஷனரிகள் 1895-இல் ஊழியம் ஆரம்பித்த கிருஷ்ணகிரியே எங்கள் ஊர். கம்பெனி பஸ்ஸில் ஓசூர் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுதான் எனக்கு வாசிப்பு நேரம். புதிய ஏற்பாட்டின் யூதா நிருபம் 14-ஆம் வசனத்தில் ஏனோக்கு தீர்க்கதரிசனம் சொன்னான் என்று வருகிறதே, அது எங்கே இருக்கிறது என்று தேடி ஒரு செயலியில் ஏனோக்கின் 108 அதிகாரத்தையும் எடுத்தேன். முதல் அதிகாரத்திலேயே அந்த வார்த்தைகள் இருந்தன. சூளகிரி தாண்டும்போது உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஆனால் தமிழ் படுமோசம். மெஷின் மொழிபெயர்த்தது என்று பார்த்தாலே தெரியும். காவல் தூதர்களை 'வாட்ச்மேன்கள்' என்று போட்டிருந்தது. யார் மொழிபெயர்த்தார்கள், எதிலிருந்து என்று ஒரு வரிகூட இல்லை. ஏனோக்கு முழுசாகக் கிடைப்பது எத்தியோப்பியாவின் கீஸ் மொழியில் மட்டும்தான். அங்குள்ள சபைக்கு அது வேதம். சவக்கடல் பக்கம் கும்ரானில் அரமேயத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. இதில் பாதியைச் செயலியிலேயே நாலு வரியில் சொல்லியிருக்கலாம்.

தள்ளுபடி என்ற சொல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் 1534-இல் வெளியிட்ட வேதாகமத்தில் தோபித்து முதலான அந்த ஏழு புத்தகங்களை நீக்கவில்லை. வேதத்துக்குச் சமமல்ல, ஆனால் வாசிக்க நல்லவை, பயனுள்ளவை என்று தலைப்பில் எழுதி இரண்டு ஏற்பாட்டுக்கும் நடுவில் வைத்தார். அவற்றை அச்சிடப் பணம் தருவதில்லை என்று பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் 1826-இல் முடிவெடுத்த பிறகுதான் நம் கைக்கு வந்த பைபிள்களில் அவை இல்லாமல் போயின. எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் கேட்டபோது இதைச் சொன்னார். அதற்குப் பிறகுதான் தைரியமாக சீராக்கு வாசிக்கிறேன். 38-ஆம் அதிகாரத்தில் வைத்தியரை மதிக்கச் சொல்லியிருப்பதை எங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டித்தான் மாத்திரையைப் போட வைத்தேன்.

கிருஷ்ணகிரி சகோதரி ஒருவர்

நான் முஸ்லிம், வீட்டில் உருது, படித்தது தமிழ். குர்ஆன் செயலியில் அரபுக்குக் கீழே தமிழ் அர்த்தம் வைத்து ஓதுவேன். களிமண் குருவி என்றதும் கை நின்றுவிட்டது. குர்ஆனில் ஆலு இம்ரான் அத்தியாயம் 49-ஆம் வசனத்திலும், மாயிதா அத்தியாயம் 110-ஆம் வசனத்திலும் ஈஸா நபி (அலை), நீங்கள் இயேசு என்பவர், களிமண்ணில் பறவை உருவம் செய்து ஊதுவதும், அது அல்லாஹ்வின் அனுமதியால் பறவையாவதும் வருகிறது. கை தட்டுவது இல்லை, சாபமும் இல்லை. அந்த அனுமதி என்ற சொல் இரண்டு இடத்திலும் இருக்கிறது. உங்கள் ஆயா சிரித்த இடத்தில் என் நானியும் சிரித்திருப்பார். நிறுத்தச் சொன்ன இடத்தில் அவரும் நிறுத்தியிருப்பார்.

பி. பள்ளிப்பட்டி பக்கத்து உபதேசியார் ஒருவர்

சங்கீத எண்ணைக் கவனியுங்கள் தம்பி. ஒரு பெரியவர் படுத்த படுக்கையாக இருந்தார். சங்கீதம் 22 வாசி என்றார். செயலியில் 22 எடுத்தால் 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று வந்தது. அவர் முகம் வாடிவிட்டது. பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் பெரும்பாலான சங்கீதங்களுக்கு எண் ஒன்று குறைவு. அவர் கேட்டது ஆண்டவரே என் ஆயர் என்ற சங்கீதம், இப்போது 23. அன்றிலிருந்து வயதானவர்களிடம் எண்ணை நம்பாமல் முதல் வரியைச் சொல்லச் சொல்வேன்.

ஆயா எப்படி இருக்கிறார்கள்? ஆபரேஷன் ஆயிற்றா?

பதிவை ஆரம்பித்தவர்

ஆகவில்லை ஐயா. தை கடைசியில் தூக்கத்திலேயே போய்விட்டார். மேலே எழுதும்போது சொல்ல மனம் வரவில்லை.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மாமனாரும் கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்தார். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, இறந்த வீரர்களுக்காக யூதர்களின் படைத்தலைவர் யூதா மக்கபே பணம் திரட்டி எருசலேமுக்கு அனுப்புகிற இடத்தை வாசித்தேன், மக்கபேயர் இரண்டாம் நூல், 12-ஆம் அதிகாரம். காற்றில் மெழுகுவர்த்தி அணைந்தது. அதை ஏற்றக் குனிந்தபோது மாமா ஃபோனை வாங்கிக்கொண்டார். அவர் பைபிளில் இல்லாத புத்தகம். செத்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கமும் அவர் சபையில் கிடையாது. ஆயாவுக்காகப் பெரிதாக்கி வைத்த எழுத்து அப்படியே இருந்ததால் அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. நான் விட்ட வரியிலிருந்து அதிகாரம் முடியும் வரை அவரே வாசித்தார்.